ஆளைக் காணோமே என்று கேட்பவர் யார்? பெருந்தொற்றுக் காலப் புதுச்சேரியில் முதியோரும் வழிபாட்டுச் சமூகங்களும்

புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் கொரோனா உறுதியான முதல் நோயாளி 68 வயதுப் பெண். வெளிநாட்டிலிருந்து மாஹே திரும்பியிருந்தார். 2020 மார்ச் 17 அன்று செய்தி வெளியானது. அடுத்த வாரமே, மார்ச் 25 முதல், நாடு முழுவதும் ஊரடங்கு. அன்று தொடங்கி ஏறத்தாழ ஈராண்டுகள், நோய் பற்றிய ஒவ்வோர் அறிவிப்பும் முதியோரைக் குறித்தே பேசியது. வெளியே வராதீர்கள், கோயிலுக்குப் போகாதீர்கள், பேரப்பிள்ளைகளை அருகில் சேர்க்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அறிவுரையில் பிழையில்லை. வயது கூடக் கூட இந்த வைரஸ் உயிரைப் பறிக்கும் வாய்ப்பும் கூடியது உலகெங்கும் கண்ட உண்மை. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கிலுமாக ஏறக்குறைய 2,000 பேரை இந்த நோய் கொண்டுபோனது.

ஆனால் வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றப்பட்ட முதியவரை யார் எட்டிப் பார்த்தார்கள்? சுகர் மாத்திரை தீர்ந்துபோனதை, குரல் கம்மியிருப்பதை, இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாததைக் கண்டுகொண்டவர் யார்? இந்தக் கேள்வியைப் புதுச்சேரி நகரத்தின் கோயில், தேவாலயம், பள்ளிவாசல் சார்ந்த வாழ்க்கையை வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழிபாடு முதியோருக்குத் தரும் பலத்தில் பெரும்பங்கு, ஒரு நாள் வராவிட்டால் "ஆளைக் காணோமே" என்று கேட்க அங்கே சிலர் இருப்பதிலிருந்து வருகிறது. கதவுகள் மூடப்பட்டபோது, அப்படிக் கேட்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருந்த சமூகங்கள் தங்கள் முதியோரைத் தேடிப் போயின. கூட்டம் மட்டும் இருந்து அந்த ஏற்பாடு இல்லாத இடங்களில், கூட்டம் கலைந்ததும் முதியோர் பார்வையிலிருந்து மறைந்தார்கள்.

நடந்தே போய்விடும் ஊர்

பழைய புதுச்சேரி நகரம் புல்வார் எனப்படும் நீள்வட்டச் சாலைக்குள் அடங்கியது. நடுவே ஓடும் பெரிய வாய்க்கால் கிழக்கே வெள்ளையர் பகுதியையும் மேற்கே தமிழர் பகுதியையும் பிரிக்கிறது. இந்தச் சிறு பரப்புக்குள் மணக்குள விநாயகர், வேதபுரீஸ்வரர், வரதராஜப் பெருமாள் கோயில்கள் இருக்கின்றன. மிஷன் வீதியில் சம்பா கோயில் என்று ஊரார் சொல்லும் பேராலயமும், கடலோரப் பக்கம் தூய தேவதைகள் அன்னை ஆலயமும், தெற்கே 2011-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட இருதய ஆண்டவர் ஆலயமும் இருக்கின்றன. தென்பகுதித் தெருக்களில் பள்ளிவாசல்கள்; மரீன் வீதியில் 1926-இல் உருவான ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமம். கொஞ்சம் தள்ளிப் போனால் கருவடிக்குப்பம் சித்தானந்த சுவாமி கோயிலில் வியாழக்கிழமைக் கூட்டம்.

இவற்றில் பெரும்பாலானவை வீட்டிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் இருப்பது முதியோர் வாழ்க்கைக்கு ஒரு வடிவம் தந்திருந்தது. விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் நடை, திரும்பும் வழியில் விநாயகர், பாரதி பூங்காவில் சற்று உட்கார்ந்து பேச்சு, மாலையில் திருப்பலியோ பிரதோஷமோ மஃரிப் தொழுகையோ, இடையில் படிப்பகத்தில் செய்தித்தாள். இத்தனை இடத்திலும் தெரிந்த முகங்கள். பிரஷர் மாத்திரையை மாற்றிய டாக்டர் யார், மகள் பிரசவத்துக்கு வந்துவிட்டாளா, பென்ஷன் விழுந்ததா என்ற சேதிகள் எல்லாம் இந்தச் சுற்றில்தான் கைமாறின.

இந்த ஊரின் முதுமைக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. 1956-இல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்த ஒப்பந்தப்படி, சுமார் 5,000 பேர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுடைய வழிவந்த பலர் இன்று பாரிஸிலும் அதன் புறநகர்களிலும் குடியிருக்கிறார்கள். பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய சொல்தாக்களும் அவர்களின் மனைவியரும் ஓய்வூதியத்தோடு இங்கே தங்கிவிட்டார்கள். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்ட குடும்பங்களும் ஏராளம். பணம் மாதாமாதம் வந்துவிடும்; மகன் விடுமுறைக்கு வருவான். 2020 மார்ச்சின் கடைசி வாரத்தில் சர்வதேச விமானங்கள் நின்றபோது, அந்த வருகையும் நின்றது.

மூன்றாவது தனித்தன்மை நிர்வாகம் சார்ந்தது. புதுச்சேரியில் 38 ஆண்டுகளுக்குப் பிறகு 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011-இல் முடிந்த பிறகு பெருந்தொற்று வரும்வரை மறுதேர்தல் இல்லை. ஆகவே நோய் பரவியபோது, இந்த வார்டில் தனியாக இருக்கும் கிழவி யார் என்று தெரிந்து வைத்திருக்க வேண்டிய கவுன்சிலர் எந்த வார்டிலும் இல்லை. தெரு அளவில் ஆள் தெரிந்த அமைப்பு என்று எஞ்சியவை ஊர்ப் பஞ்சாயத்துகள், சங்கங்கள், வழிபாட்டுச் சமூகங்கள் ஆகியவையே.

கதவு மூடியபோது எது நின்றது

மத்திய உள்துறை அமைச்சகம் 2020 மார்ச் 24 அன்று பிறப்பித்த உத்தரவு, எல்லா வழிபாட்டுத் தலங்களையும் பொதுமக்களுக்கு மூடச் சொன்னது. எந்த விதிவிலக்குமின்றி சமயக் கூட்டங்களைத் தடை செய்தது. ஈமச் சடங்குக்கு 20 பேர் வரை. ஏப்ரல் 10 புனித வெள்ளி, 12 உயிர்ப்புப் பெருவிழா, 14 தமிழ்ப் புத்தாண்டு, மாத இறுதியில் ரமலான் தொடக்கம் என்று மூன்று சமயங்களின் பெருநாள்களும் அந்த ஒரே மாதத்தில் அடுத்தடுத்து வந்தன. மூன்றையும் முதியோர் வீட்டுக்குள்ளேயே கழித்தார்கள்.

சமயங்கள் இதற்குத் தடையாக நிற்கவில்லை. மார்ச் 20 அன்றே வத்திக்கான், நோயுற்றவர்களுக்கும் அவர்களுக்காக வீட்டிலிருந்தபடி ஜெபிப்பவர்களுக்கும் பரிபூரண பலன் உண்டென்று ஆணை வெளியிட்டது. குவைத்தில் பாங்கு சொல்லும்போதே "உங்கள் இருப்பிடங்களில் தொழுதுகொள்ளுங்கள்" என்று முஅத்தின்கள் அறிவித்தார்கள். தராவீஹ் தொழுகை உலகெங்கும் வீடுகளுக்குள் நடந்தது. இந்து வீட்டில் பூஜை மாடம் எப்போதும் உண்டு. சாஸ்திரம், விதி என்று பார்த்தால் எவருக்கும் எதுவும் குறைவில்லை. கடவுள் வீட்டுக்கு வந்துவிட்டார், மனிதர்கள்தாம் வரவில்லை.

திருப்பலி யூடியூபில் வந்தது, கோயில் அபிஷேகம் முகநூலில் வந்தது. ஆனால் வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட்போன் பேரனின் ஆன்லைன் வகுப்பில் இருந்தது. கண்புரை விழுந்த கண்ணுக்குத் திரை தெளிவில்லை. இதனால் முதியோருக்கு உண்மையில் கைகொடுத்தது தொலைக்காட்சிதான். மாதா டிவியின் திருப்பலியும் திருமலை தேவஸ்தானத்தின் சேனலும் எத்தனையோ வீடுகளில் பொழுதை வகுத்துக் கொடுத்தன. அதை நாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. குறித்த நேரத்தில் குளித்து, விபூதியிட்டு அல்லது முக்காடிட்டு உட்கார்வது, நாள் கிழமை குழம்பிப்போன அந்த மாதங்களில் மனத்தைத் தாங்கிய தூண். என்றாலும், தொலைக்காட்சியில் இருக்கும் குருவுக்கு இவர் உட்கார்ந்திருக்கிறாரா, விழுந்து கிடக்கிறாரா என்று தெரியாது.

2020 ஜூன் 8 அன்று தலங்கள் திறந்தபோதும் நிலைமை முழுதாக மாறவில்லை. 65 வயதுக்கு மேற்பட்டோர் வீட்டிலேயே இருக்க அறிவுறுத்தப்பட்டார்கள். சிலைகளையும் புனித நூல்களையும் தொடக்கூடாது, பிரசாதமும் தீர்த்தமும் கிடையாது, குழுவாகப் பாடக்கூடாது, தொழுகை விரிப்பை அவரவர் கொண்டுவர வேண்டும் என்று சுகாதார அமைச்சகம் நெறிமுறை வகுத்திருந்தது. நோய்த்தடுப்பு நோக்கில் இவை நியாயமானவை. ஆனால் பிரசாதம் கொடுக்கும் கை, பஜனையில் பக்கத்தில் ஒலிக்கும் குரல் ஆகியவற்றின் வழியாகத்தான் முதியோர் ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள். தொடுவதையும் சேர்ந்து பாடுவதையும் நிறுத்திய நெறிமுறையில், அவற்றுக்கு ஈடாக என்ன செய்வது என்று ஒரு வரிகூட இல்லை.

ஆய்வுகள் காட்டும் காரணம்

தோழமைக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பு இன்று நன்கு ஆராயப்பட்ட விஷயம். அமெரிக்க உளவியலாளர் ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாடும் அவருடைய குழுவும் 2010-இல் 148 ஆய்வுகளை, 3 லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். உறுதியான உறவுகள் உள்ளவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் சமூகத் தொடர்பு ஆணையம் 2025 ஜூனில் தந்த அறிக்கை, உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுவதாகவும், ஆண்டுக்கு 8,71,000 மரணங்களுக்கு அதனோடு தொடர்பிருப்பதாகவும் மதிப்பிட்டது.

வழிபாட்டுக்கு இதில் என்ன இடம்? அமெரிக்கச் செவிலியர்களை நீண்டகாலம் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றில், 74,534 பெண்களின் தரவுகள் 2016-இல் வெளியாயின. வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் வழிபாட்டுக்குச் செல்பவர்களின் இறப்பு விகிதம், ஒருபோதும் செல்லாதவர்களைவிட 33 சதவீதம் குறைந்திருந்தது. இந்த வித்தியாசத்தில் ஏறக்குறைய கால் பங்கு சமூக ஆதரவால் விளைந்தது. புகைபிடிக்காமை, மனச்சோர்வு குறைவு போன்றவையும் பங்களித்தன. இது அமெரிக்கப் பெண்களைப் பற்றிய ஆய்வு, பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். நடமாட முடிந்தவர்கள்தாமே வழிபாட்டுக்கும் போவார்கள் என்ற ஐயமும் நியாயமானது. ஆய்வாளர்கள் அதைக் கணக்கில் கொண்டே கணக்கிட முயன்றார்கள். புதுச்சேரிக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் அது சுட்டும் திசை தெளிவானது. சென்று கலந்துகொள்வதற்கென்று ஒரு பலன் இருக்கிறது.

அதே கலந்துகொள்ளல்தான் நோயையும் கொண்டுவந்தது. 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காகிட் மாவட்டத்தில் ஒரு பாடகர் குழு பயிற்சிக்குக் கூடியது. வந்த 61 பேரில் 53 பேருக்கு நோய் கண்டது, இருவர் இறந்தார்கள். குழுவினரின் இடைநிலை வயது 69. சேர்ந்து பாடிய இரண்டரை மணி நேரத்தில் மூச்சோடு மூச்சாக வைரஸ் பரவியிருந்தது. இங்கும் பெரிய சமயக் கூட்டங்கள் தொற்றைப் பெருக்கின. அவற்றில் டெல்லி நிஜாமுத்தீன் மாநாட்டை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு சமூகத்தையே குற்றவாளியாக்கிய வதந்திகள், முதிய முஸ்லிம்கள் மருத்துவமனைக்குப் போகவே தயங்கும் நிலையை உண்டாக்கின. அது பெருந்தொற்று செய்த அநீதிகளுள் ஒன்று. எனவே கோயில்களைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பது என் வாதமன்று. கூட்டத்தை நிறுத்தும்போதே, அந்தக் கூட்டம் செய்துவந்த ஒரு வேலையை, ஆள் விட்டுப்போகாமல் கவனிக்கும் வேலையை, வேறு வழியில் தொடரச் செய்திருக்க வேண்டும் என்பதே.

பெயர் எழுதி வைத்திருந்தவர்கள்

தமிழ்க் கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியம் என்ற அமைப்பு உண்டு. முப்பது நாற்பது குடும்பங்களைத் தெருவாரியாகச் சேர்த்து, மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஜெபிப்பார்கள். கூட்டத்துக்கு முன் பொறுப்பாளர் கையில் குடும்பப் பெயர்கள் கொண்ட நோட்டு. யார் வந்தார், யாருக்கு உடம்பு முடியவில்லை என்ற விசாரிப்பு. இதோடு மரியாயின் சேனை உறுப்பினர்கள் இருவர் இருவராக வீடு சந்திப்பார்கள். வின்சென்ட் தே பவுல் சபையினர் ஏழை வீடுகளுக்கு அரிசி பருப்போடு போவார்கள்.

மாதத்தின் முதல் வெள்ளியன்று நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். படுக்கையில் இருப்பவர்களுக்குக் குரு வீடு வீடாக நற்கருணை கொண்டுபோகும் நாள் அது. வீட்டார் ஒரு சிறு மேசையில் வெள்ளைத்துணி விரித்து, மெழுகுதிரியும் பாடுபட்ட சுரூபமும் வைத்திருப்பார்கள். பாட்டிக்குத் தலைவாரி, துவைத்த சேலை கட்டி, முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார வைத்திருப்பார்கள். ஜெபம் சில நிமிடத்தில் முடிந்துவிடும். அந்தச் சில நிமிடத்துக்காக வீடு பெருக்கப்படுகிறது, படுக்கை மாற்றப்படுகிறது, ஒரு வெளியாள் அந்த உடம்பைப் பார்க்கிறார். படுக்கைப்புண் இருந்தால் தெரிந்துவிடும். கவனிப்பு போதவில்லை என்றால் அதுவும் தெரிந்துவிடும். சமயச் சடங்கு என்று நாம் நினைப்பதற்குள் ஒரு பராமரிப்புச் சோதனையும் அடங்கியிருக்கிறது. ஊரடங்கில் இந்த வருகை நின்றபோது, அந்தச் சோதனையும் நின்றது. அன்பியப் பொறுப்பாளரின் நோட்டு மட்டும் நிற்கவில்லை. அது வாட்ஸ்அப் குழுவாகவும் தொலைபேசி அழைப்பாகவும் மாறி, அரிசி மூட்டை எந்த வீட்டு வாசலில் இறங்க வேண்டும் என்று காட்டியது.

பள்ளிவாசலுக்கு ஜமாஅத் உண்டு. திருமணம், இறப்பு, ஜகாத் எல்லாம் அதன் பதிவேட்டில் வரும். 2020 ரமலானில் நோன்புக் கஞ்சியைப் பள்ளிவாசலில் காய்ச்சிக் கொடுக்க வழியில்லாதபோது, தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கிய பச்சரிசியை ஜமாஅத்துகளே வீடு வீடாகக் கொண்டு சேர்க்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. எந்த வீட்டில் வயதான விதவை இருக்கிறார் என்று ஜமாஅத்துக்குத் தெரிந்திருந்ததால் அது சாத்தியமானது. ஆசிரமத்தில் பல்லாண்டுகளாகக் கூடவே வாழ்ந்து முதுமையடைந்தவர்கள் இருக்கிறார்கள். பொது உணவுக்கூடமும் மருத்துவக் கவனிப்பும் உள்ள அந்தச் சமூகத்தில், ஒருவர் சாப்பாட்டுக்கு வராததே ஒரு செய்தி.

இந்துக் கோயிலின் அமைப்பு வேறு. பெரிய கோயிலுக்கு உறுப்பினர் கிடையாது. யாரும் வரலாம், யாரும் வராமலிருக்கலாம். அந்தத் தாராளம் அதன் அழகு. பெருந்தொற்றில் அதுவே பலவீனமாயிற்று. வைத்திக்குப்பத்தில் மாசி மகத் தீர்த்தவாரிக்கு ஆயிரக்கணக்கில் கூடுபவர்களில் யார் தனியாக இருக்கிறார் என்று எந்தக் கோயில் அலுவலகத்துக்கும் தெரியாது. ஆனால் தெருக்கோயில்களுக்கும் மீனவக் கிராமங்களின் அம்மன் கோயில்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. அது தலைக்கட்டு வரி. திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்க வைத்திருக்கும் பட்டியல், புயலிலும் சுனாமியிலும் ஊரடங்கிலும் நிவாரணப் பட்டியலாகவும் ஆகிவிடுகிறது.

பட்டியலில் இல்லாத பெயர்கள்

அந்தப் பட்டியலுக்குள்ளேயே ஓர் ஓட்டை இருக்கிறது. கடலுக்குப் போகாத முதியவருக்கும் ஆண்துணையில்லாத விதவைக்கும் பல ஊர்களில் வரி கிடையாது. இரக்கத்தால் வந்த விலக்குதான். ஆனால் வரி கொடுக்காதவர் பட்டியலில் ஏறுவதில்லை. பட்டியலில் இல்லாதவருக்கு நிவாரணம் போய்ச் சேருவதில்லை. 2004 சுனாமிக்குப் பின் நடந்த நிவாரணத்தை ஆராய்ந்தவர்கள் சுட்டிக்காட்டிய குறைகளில் இதுவும் ஒன்று.

அன்பிய நோட்டுக்கும் ஜமாஅத் பதிவேட்டுக்கும் வெளியே நிற்பவர்களும் உண்டு. கலப்பு மணத்தால் ஜமாஅத்தையோ பங்கையோ விட்டு விலகியவர், எந்தச் சமயத்திலும் பற்றில்லாதவர், வேறு ஊரிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஓய்வூதியர், வீட்டு வேலை செய்து வயதாகிப்போன பெண்கள், திருநங்கை முதியோர். ஒரே ஆலயத்துக்குள்ளும் சாதிச் சுவர் இருந்த வரலாறு இந்த ஊருக்கு உண்டு. சமயச் சமூகத்தின் கண்ணில் விழாதவர் யார் என்ற கேள்வியை எழுப்பாமல் அதன் பெருமையை மட்டும் பேசினால் பாதி உண்மையே பேசியவர்களாவோம்.

சாவின்போது இது இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. 2020 ஜூன் தொடக்கத்தில் கோபாலன்கடை இடுகாட்டில், கோவிட்டால் இறந்த ஒருவரின் உடலைக் குழிக்குள் தூக்கிப் போட்ட காணொளி நாடெங்கும் பரவியது. இறந்தவர் முதியவரல்லர். ஆனால் ஊரின் முதியவர்கள் அதைத் தங்கள் முடிவாகவே பார்த்தார்கள். சாவுக்கு அஞ்சாதவர்கள்கூட, அப்படிப் போவதற்கு அஞ்சினார்கள். உண்மையில், மார்ச் 15 அன்றே சுகாதார அமைச்சகம் தந்த வழிகாட்டுதல், உறவினர் முகம் பார்க்கவும், உடலைத் தொடாமல் மறை ஓதவும், புனிதநீர் தெளிக்கவும் அனுமதித்திருந்தது. அனுமதி காகிதத்தில் இருந்தது. அச்சம் அதை மறைத்தது. தமிழகத்திலும் புதுவையிலும் முஸ்லிம் தன்னார்வலர்கள் பாதுகாப்பு உடையணிந்து, எந்தச் சமயத்தவராயினும் அவரவர் முறைப்படி அடக்கமும் தகனமும் செய்துவைத்தார்கள். உயிரோடிருந்த முதியோருக்கு அது தந்த ஆறுதல் எந்த ஆலோசனை மையமும் தந்திருக்க முடியாதது.

திண்ணை செய்த வேலை

ஊரின் கட்டடங்களுக்கும் இதில் பங்குண்டு. வெள்ளையர் பகுதி வீடுகள் தெருவுக்கு உயர்ந்த மதிலைக் காட்டி, உள்ளே தோட்டத்தைப் பார்த்து அமைந்தவை. தமிழர் பகுதி வீடுகளுக்கு வாசலில் திண்ணை, அதற்கு முன் தெருவின் ஓரமாகத் தூண்கள் தாங்கும் தாழ்வாரம். கல்வே சுப்பராய செட்டி தெருவில், அதாவது வைசியாள் வீதியில், இந்த முகப்புகளை வரிசையாகப் புதுப்பித்ததற்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது.

சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் இந்தத் தாழ்வாரம், பெருந்தொற்றுக்கு ஏற்ற இடமாக இருந்தது. காற்றோட்டமான திறந்தவெளி, இரண்டு மீட்டர் இடைவெளி, உட்கார இடம், வெயில் படாத நிழல். திண்ணை உள்ள வீட்டுத் தாத்தா மாலையில் வெளியே உட்கார்ந்தார். பால்காரர், எதிர்வீட்டு அம்மா, அன்பியப் பொறுப்பாளர் எல்லோருமே தெருவில் நின்றபடி நாலு வார்த்தை பேசிவிட்டுப் போனார்கள். திண்ணையை இடித்து ஷட்டர் கடை வைத்த வீட்டிலும், மூன்றாம் மாடிக் குடியிருப்பிலும் இருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பில்லை. 1995-இல் சிகாகோவில் வெப்ப அலை 739 உயிர்களைப் பறித்தபோது சமூகவியலாளர் எரிக் கிளைனன்பெர்க் இதையே கண்டார். ஏறக்குறைய ஒரே அளவு வறுமையுள்ள இரண்டு பேட்டைகளில், கடைகளும் தேவாலயமும் நடமாட்டமும் உள்ள தெருக்களில் முதியோர் தப்பினார்கள். வெறிச்சோடிய தெருக்களில் கதவைச் சாத்திக்கொண்டு இறந்தார்கள்.

பிரான்ஸ் கற்ற பாடம்

2003 ஆகஸ்டில் பிரான்ஸில் வீசிய வெப்ப அலையில் சுமார் 15,000 பேர் கூடுதலாக இறந்தார்கள், பெரும்பாலோர் முதியோர். பிள்ளைகள் கோடை விடுமுறைக்குப் போயிருந்தார்கள். உரிமை கோர ஆளில்லாத உடல்கள் பாரிஸில் வாரக்கணக்கில் காத்திருந்தன. அந்த அவமானத்திலிருந்து 2004 ஜூன் 30 சட்டம் பிறந்தது. தனித்து வாழும் முதியோர், மாற்றுத்திறனாளிகள் பெயர்களை நம் ஊர்க்காரர்கள் மேரி என்றே சொல்லும் நகரசபை ஒவ்வொன்றும் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும். ஆபத்துக் காலத்தில் அழைத்து விசாரிக்க வேண்டும். 2020-இல் அந்தப் பதிவேடுகளைப் பார்த்தே பல நகரசபைகள் முதியோரைத் தொலைபேசியில் அழைத்தன.

அதன் குறையும் பாடமே. பெயர் சேர்ப்பது அவரவர் விருப்பம். மிகவும் தனித்திருப்பவர் தாமாக வந்து பெயர் கொடுப்பது அரிது. அரசுப் பதிவேட்டுக்கு அதிகாரம் உண்டு, அறிமுகம் இல்லை. அன்பிய நோட்டுக்கு அறிமுகம் உண்டு, எல்லோரையும் சேர்க்கும் கடமை இல்லை. இரண்டும் சேர வேண்டும்.

நம் நாட்டில் ஓய்வூதியர்களிடம் ஆண்டுக்கொருமுறை உயிர்வாழ் சான்றிதழ் கேட்கிறார்கள். பெருந்தொற்றில் அதற்கான கெடுவை 2021 பிப்ரவரி 28 வரை நீட்டித்தார்கள். அரசு ஆண்டுக்கு ஒருமுறை கேட்கும் அந்தக் கேள்வியை வாரத்துக்கு ஒருமுறை கேட்க இன்னொருவர் தேவை.

அடுத்த பெருந்தொற்றுக்கு முன்

முதலில் முதியோரைப் பற்றிய நம் எண்ணம் மாற வேண்டும். அவர்கள் உதவி பெறுபவர்கள் மட்டுமல்லர். சுனாமிக்குப் பின் கடலூர், நாகப்பட்டினம் கரையோரங்களில் ஹெல்ப்ஏஜ் இந்தியா முதியோர் சுயஉதவிக் குழுக்களை அமைத்தது. சேமித்து, கடன் கொடுத்து, தங்களுக்குள்ளேயே மிகவும் தளர்ந்தவர்களை அவர்களே கவனித்துக்கொள்ளும் வழி அது. நடக்க முடிகிற எழுபது வயதுக்காரர், படுத்திருக்கும் எண்பது வயதுக்காரரைத் தினமும் போனில் அழைக்கலாம். செபமாலையையோ திருவாசகத்தையோ மறுமுனையில் சேர்ந்து சொல்லலாம். இருவருக்குமே அது மருந்து. போப் பிரான்சிஸ் 2021-இல் தொடங்கிய தாத்தா பாட்டிகள், முதியோர் தினத்தைப் பங்குகள் ஒருநாள் விழாவோடு முடிக்காமல், இப்படியொரு அழைப்பு முறையைத் தொடங்கும் நாளாக்கலாம்.

இரண்டாவது, ஒவ்வொரு தெருவுக்கும் சமய வேறுபாடின்றி ஒரு பட்டியல். பெரிய கோயில்களின் அறங்காவலர் குழு, பங்குப் பேரவை, ஜமாஅத், ஊர்ப் பஞ்சாயத்து நான்கும் தங்கள் நோட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தாலே விடுபட்ட வீடுகள் தெரிந்துவிடும். சம்பந்தப்பட்டவரின் ஒப்புதலோடு, வீட்டுக்கு இரண்டு பேரைப் பொறுப்பாக்க வேண்டும். ஒருவர் நோயுற்றால் மற்றவர். வரி விலக்குப் பெற்றவர்களின் பெயர்கள் பட்டியலின் தொடக்கத்தில் வர வேண்டும்.

மூன்றாவது, ஊரடங்கு விதிகளிலேயே துணைக்கு இடம் வேண்டும். 2020 ஜூனில் இங்கிலாந்து, தனியாக வாழ்பவர் இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்துகொள்ள அனுமதித்தது. இங்கும் தனித்திருக்கும் முதியவருக்கு, முகக்கவசத்தோடு வந்து போக ஒருவரை நியமித்து அடையாள அட்டை கொடுக்கலாம். சாகும் தறுவாயில் இருப்பவரைக் குருவோ, இமாமோ, உறவினரோ சந்திக்கும் உரிமையை மருத்துவமனை நெறிமுறையில் எழுதிவைக்கலாம். 14567 முதியோர் உதவி எண்ணுக்கு வரும் அழைப்பு, தெருவில் உள்ள பொறுப்பாளரிடம் போய்ச் சேரும் வழி செய்யலாம்.

நான்காவது, உள்ளாட்சித் தேர்தல். தெரு அளவில் பொறுப்பேற்கும் மக்கள் பிரதிநிதி இல்லாத ஊரில், மனசாட்சியுள்ள தொண்டர்கள் எவ்வளவு உழைத்தாலும் அவர்களுடைய சமூகத்துக்கு வெளியே நிற்பவருக்கு யாரும் பொறுப்பாளி ஆவதில்லை.

இவற்றில் எதற்கும் பெரிய நிதி தேவையில்லை. அறிமுகம் ஏற்கெனவே இருக்கிறது. அதை எழுதி வைத்து, எல்லோருக்குமாக விரிக்க வேண்டியிருக்கிறது. தடுப்பூசியும் ஆக்சிஜனும் நோய் வந்த பிறகும் தேடிச் சேர்க்கக்கூடியவை. ஒரு முதியவரின் குரலைக் கேட்டே அவருக்கு முடியவில்லை என்று அறிந்துகொள்ளும் பழக்கத்தை ஊரடங்கு அறிவித்த பிறகு உருவாக்க முடியாது. அது ஆண்டுக்கணக்கில், சாதாரண நாள்களில் வளர வேண்டியது. புதுச்சேரியின் கோயில்களும் ஆலயங்களும் பள்ளிவாசல்களும் செய்யக்கூடிய மிகப் பெரிய இறைப்பணி இந்தப் பழக்கத்தை வளர்ப்பதுதான். அதை இப்போதே தொடங்க வேண்டும்.